குடிக்கணக்கில் நம் முன்னோர்

உறவைப் பேணுவதற்குத் தேவையான அளவேனும் வம்சத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பது நபிமொழி தரும் வழிகாட்டல். அவ்வழியில் தம் குடும்ப வரலாற்றைத் தேட முற்படுவோர், ஆங்கிலேயர் காலக் குடிக்கணக்கு அறிக்கைகளை நாடுவது இயல்பு. அவ்வறிக்கைகள் நமக்கு எதைத் தரும், எதைத் தரா என்பதை முதலில் தெளிதல் நலம்.

இங்கிலாந்தில் 1841 முதல் வீடுவாரியாகப் பெயர், வயது, தொழில் எழுதிய படிவங்கள் பெரும்பாலும் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் வெளியாயின. நம் நாட்டு நிலை வேறு. இங்கே அட்டவணைகள் ஆயத்தமானபின் வீட்டுப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. எஞ்சியவை அச்சிட்ட அறிக்கைகளும் தொகை விவரங்களுமே. அவற்றில் பாட்டனாரின் பெயரைத் தேடுதல் வீண்முயற்சி. ஆனால், அப்பெயரோடு ஒட்டி நிற்கும் சமூகப் பெயர் அரசின் ஏட்டில் எவ்வாறு இடம்பெற்றது என்பதை அவை காட்டுகின்றன.

சென்னை மாகாணத்தில் 1871இல் நடந்த கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் மருத்துவர் கார்னிஷ். முஸ்லிம்கள் அதில் லப்பை, மாப்பிள்ளை, அரபியர், ஷேக், சையிது, பட்டாணியர், மொகலாயர் என வகுக்கப்பட்டனர். மரைக்காயர், இராவுத்தர் ஆகியோருக்கு அங்கே தனித் தலைப்பு இல்லை. பிரான்சிஸ் எழுதிய 1901ஆம் ஆண்டு அறிக்கையோ மரைக்காயரைத் தனியே விவரிக்கிறது. லப்பைகளினின்று அவர்கள் வேறுபட்டவராகத் தோன்றினும், இரு சாராரின் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டதாகவே தெரிகிறது என்றும் ஒப்புக்கொள்கிறது.

இவ்வொப்புதல் நமக்கு மிக முக்கியமானது. ஒரு குடும்பத்தின் பழைய கிரயப் பத்திரத்தில் 'லப்பை' என்றும், அடுத்த தலைமுறைப் பத்திரத்தில் 'மரைக்காயர்' என்றும் காணப்பட்டால், அவர்கள் வெவ்வேறு குடும்பத்தார் என்று முடிவு கட்டலாகாது. எழுதியவர் மாறியிருக்கலாம், தலைப்பு மாறியிருக்கலாம், குடும்பம் ஒன்றாகவே இருந்திருக்கலாம். தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூல் இவ்வறிக்கைகளிலிருந்து பலவற்றை எடுத்தாண்டது. அறிக்கையில் ஐயத்தோடு சொல்லப்பட்டதும், நூலிலிருந்து நூலுக்குச் செல்லும்போது உறுதியான உண்மைபோல் ஆகிவிடக்கூடும். ஆதலால் மூல அறிக்கையையே வாசித்தல் வேண்டும்.

கடல் கடந்து வணிகம் செய்தோரின் வரலாற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. 1881 முதல் 1931 வரை, குறித்த ஓர் இரவில் யார் எங்கிருந்தாரோ அங்கேயே அவர் எண்ணப்பட்டார். அவ்விரவில் கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரை வணிகர் கீழக்கரைக் கணக்கில் வாரார். ஓர் ஊரின் தொகையில் ஆண்களைவிடப் பெண்கள் கணிசமாக மிகுந்திருப்பின், அவ்வூர் ஆடவர் வெளியூரில் பொருளீட்டியதற்கு அஃதொரு குறிப்பாகலாம். இலங்கையின் 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் எனப் பிரித்துக் காட்டியது. கடலின் இருகரையிலும் உறவுடைய குடும்பங்கள் இதனால் இரு தலைப்புகளின்கீழ்ச் சென்றன.

பெயர்களுக்கு வேறு ஏடுகளைத் தேடவேண்டும். பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபு ஆவணங்கள், பத்திரப் பதிவுகள், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கடிதங்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள இனாம் பதிவேடுகள் ஆகியவை பெயரைத் தரும். அப்பெயர் வாழ்ந்த சூழலைக் குடிக்கணக்கு தரும். இரண்டையும் இணைத்துப் படிப்பதே முறை.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியல், இராவுத்தரையும் மரைக்காயரையும் லப்பை என்னும் தலைப்பில் உள்ளடக்கியுள்ளது; 2007இல் வந்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இப்பட்டியலைச் சார்ந்தது. ஆக, கணக்கெடுப்பாளர் இட்ட தலைப்புகளில் சில இன்றும் நம் பிள்ளைகளின் சான்றிதழில் வாழ்கின்றன. அத்தலைப்புகளைக் கொண்டு ஒருவரையொருவர் உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுவோர், அவற்றை வகுத்த அதிகாரிகளே அவற்றில் ஐயம் கொண்டிருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூட்டங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பதன்றோ திருமறையின் போதனை!