'ஈ' என்னும் சொல்லும் கொல்லிமலையும்

ஆங்கிலத்தில் அருகியே வழங்கும் சொற்களுள் ஒன்று 'எலிமாசினரி'. அறக்கொடையைச் சார்ந்தது, கொடையால் நடைபெறுவது என்பது அதன் பொருள். இரக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இலத்தீன் வழியாக வந்தது. 1749-இல் வெளிவந்த 'டாம் ஜோன்ஸ்' புதினத்தின் தொடக்கத்தில் ஹென்றி ஃபீல்டிங் இச்சொல்லை ஆள்கிறார். எழுத்தாளன் இலவச விருந்து படைப்பவன் அல்லன், காசு பெற்று உணவளிக்கும் விடுதிக்காரன் என்பது அவர் கருத்து. கவிஞர்களாகிய நமக்கு இது சற்றே உறுத்தும்.

அச்சொல் கொடுப்பவனின் இரக்கத்தில் வேர்கொண்டது. நம் 'ஈகை'யோ 'ஈ' என்னும் வினையிற் பிறந்தது. தம்மின் உயர்ந்தாரிடம் கேட்போர்க்கு 'ஈ', ஒத்தாரிடம் 'தா', தாழ்ந்தாரிடம் 'கொடு' எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். எனவே ஈகை என்னும் சொல்லிலேயே கேட்பவனின் தாழ்வு உறைந்து கிடக்கிறது.

இத்தாழ்வை எதிர்கொண்ட பாடல்கள் நம் வாசலூர்பட்டியைத் தன்னகத்தே கொண்ட இக்கொல்லிமலையின் தலைவன் வல்வில் ஓரி மீது எழுந்தவை. வன்பரணர் பாட்டில் (புறம். 152), காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் கேளாமலே ஊனும் தேனும் பொன்னும் மணியும் அளிக்கிறான், பாடுவோர் வாயில் தன் பெயர் வரக்கேட்டு நாணுகிறான். ஓரியின் வில்லாற்றலையே விழா மேடைகளில் விரித்துரைக்கிறோம். அந்நாணத்தை ஏனோ விட்டுவிடுகிறோம்.

கழைதின் யானையார் பாட்டு (புறம். 204) இன்னும் கூரியது. அவர் எடுத்த முதற்சொல்லே 'ஈ'. இரத்தலும் மறுத்தலும் இழிவு. அவற்றுள் மறுத்தலே மிக இழிவு என்கிறார். தானே முன்வந்து வழங்குதல் உயர்வு. அதனினும் உயர்வு, வழங்கியதைக் கொள்ளாமை. முதலிடம் வள்ளலுக்கன்று, வேண்டாமென்பவனுக்கு! பரிசில் நாடிச் சென்ற புலவர் வள்ளலின் முன்னிலையிலேயே இதனைக் கூறுகிறார் என்பது நோக்கத்தக்கது. இறுதியில், பரிசில் வாயாதபோது பொழுதையும் புள்நிமித்தத்தையுமே பழிப்பர், ஆதலால் உன்னை வெறுக்கமாட்டேன் என்று ஓரியை வாழ்த்துகிறார். இதனைப் பணிவு என்பாரும் உளர். எனக்கோ அது பெருமிதமாகவே தோன்றுகிறது. சங்கப் புலவரை 'இரவலர்' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடும் வரலாற்று நூல்கள் இப்பாட்டை மீண்டும் படிக்க வேண்டும்.

பின்னர், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியைக் கல்லாடனார் (அகம். 209) கூறுகிறார். மலையே பரிசிலாயிற்று. பெற்றவர் முடிவேந்தர், ஆயினும் அங்கும் புலவர் ஆண்ட வினை 'ஈ' என்பதே.