திரை நீக்கும் களிம்பு

தகடூர் என்னும் தருமபுரியைப் பற்றி எழுதப் புகுவோர் அதியமானின் நெல்லிக்கனியைத் தொடாமல் நகர்வதில்லை. நாமும் விலக்கல்ல. மலைப்பிளவில் அரிதாய்க் கிடைத்த கனி. சாவை விலக்கும் அதன் பயனைச் சொல்லாமல் மறைத்து ஔவைக்கு ஈந்தான் என்பது புறநானூற்றின் 91ஆம் பாட்டுச் செய்தி. மூப்பை வெல்லும் ஆசை அத்துணைப் பழையது. தோற்சுருக்கத்துக்குத் 'திரை' என்று அலையின் பெயரையே இட்ட மொழி நம்முடையது. அத்திரையை ஓரளவேனும் தணிக்கும் என ஆய்வுகள் ஒப்பும் பூச்சுமருந்துகள் சிலவே. அவற்றுள் தலையானது, வைட்டமின் ஏயின் அமில வடிவமான ட்ரெட்டினாயின். அதன் வரலாற்றிலும் ஒரு மறைப்பு உண்டு. அதியமானின் மறைப்புப் போன்றதன்று அது.

இந்த வைட்டமினுக்கும் தோலுக்கும் உள்ள உறவு நம் பக்கத்து மருத்துவ உலகுக்குப் புதிதன்று. 1933இல், இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், சத்துக்குறைவால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சொரசொரத்த தோலுக்குத் 'தேரைத்தோல்' எனப் பொருள்படும் பெயரிட்டார். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் அது ஆராயப்பட்டது. (வைட்டமின் ஏ குறைவு மட்டுமே காரணமன்று என்று பின்னர்த் தெரிந்தது வேறு கதை.) முகப்பருவும் மயிர்க்கால் அடைப்பில் தொடங்குவதுதான். ட்ரெட்டினாயின் அவ்வடைப்பை இளக்குகிறது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் அதனைப் பருவுக்கு மருந்தாக்கினார்; 1971இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. தொடக்கச் சோதனைகளுக்குத் தோல் தந்தவர்கள் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள். 1951 முதல் 1974 வரை அங்கே அவர் பலவகைப் பொருள்களைச் சோதித்தார். கைதிகளுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறு கூலி தரப்பட்டது. பூசப்படுவது யாது, அதனால் விளையக்கூடிய தீங்கு யாது என்பது சொல்லப்படவில்லை. சிறைக்குள் நுழைந்தபோது தாம் கண்டது ஏக்கர் கணக்கான தோலையே என்று 1966இல் ஒரு செய்தியாளரிடம் கூறிய கிளிக்மன், வளமான வயலைக் கண்ட உழவனுக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். வானம் பார்த்த புன்செய்க் காட்டில் வாழும் நமக்கு அவ்வுவமை கசக்கிறது.

1998இல் ஆலன் ஹார்ன்ப்ளம் எழுதிய நூல் இவற்றைப் பரவலாக வெளிக்கொணர்ந்தது. கிளிக்மன் 2010இல் இறந்தார். பல்கலைக்கழக மருத்துவப்பிரிவு 2021இலும், பிலடெல்பியா மாநகரம் 2022இலும் மன்னிப்புக் கோரின. அதற்கு வெகுமுன்பே, 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு வெயிலால் முதிர்ந்த தோலிலும் இக்களிம்பு பயன் தருவதைக் காட்ட, அது இளமை விழைவோரின் பொருளாகிவிட்டிருந்தது.

இந்தியாவில் கதை வேறு வழி சென்றது. மங்கு போக்குவதற்காக 1975இல் அதே கிளிக்மன் ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுயினோனையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கூட்டுமருந்து ஒன்றை வகுத்தார். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூசத்தக்கது. இங்கோ, இன்னும் வலிய ஸ்டீராய்டு கலந்த அதன் திரிபுகள் சிவப்பழகுக் களிம்புகளாக மருந்துக்கடைகளில் சீட்டின்றிப் புழங்கின. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், வெயிலில் எரியும். எந்தப் பருவுக்கு அஞ்சினார்களோ அந்தப் பருவே பெருகும். நிறுத்தினாலோ எரிச்சல் இரட்டிப்பாகும் என்பதால் நிறுத்தவும் அஞ்சுவர். இவ்வாறு கெட்ட முகத்துக்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று தனிப்பெயர் சூட்டியவர்கள் இந்தியத் தோல் மருத்துவர்களே. 2018இல் நடுவணரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது.

சித்திரை வெயிலில் துப்பட்டாவால் முகம் மூடி வகுப்புக்கு வரும் மாணவியருள் சிலரிடம் அக்களிம்புக் குழாய்களைப் பார்த்திருக்கிறோம். தோழி சொல்லி வாங்கியது, அக்கா கொடுத்தது என்பார்கள். மூன்று மருந்துகளின் பெயர்களும் அவற்றின் மேல் அச்சிடப்பட்டே இருந்தன, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.