நீலக் கல்லின் பிறந்த ஊர்

“ஃபுளோரைட், குவார்ட்ஸ். அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் ஜில்லா.” பழுப்பேறிய அட்டைச் சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான். திருச்சுழிப் பக்கத்து வீடு ஒன்றில் பழைய தகரப் பெட்டிக்குள் கிடந்த, உள்ளங்கை அகல நீலக் கல்லோடு சேர்ந்த சீட்டு அது. “கெணத்துல எடுத்தது தம்பி. எங்க மாமனாரு வெட்டுன கெணறு” என்றார் வீட்டின் பெரியம்மா. சீட்டும் வாய்மொழியும் ஒத்துப்போகின்றன. இரண்டும் உண்மையானால், கரிசல் பூமியின் கனிம வரலாற்றில் ஒரு புதிய வரி சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் சோதிக்க வேண்டும்.

முதல் சாட்சி கல்தான். வெள்ளைக் குவார்ட்ஸ் படுகையின் மேல் விரல் நகம் அளவில் நீலக் கனசதுரங்கள். நடுவில் வெளிறியும் ஓரங்களில் அடர்ந்தும் இருந்தது நிறம். கனசதுரங்களின் முகத்தில் கற்கண்டுத் தூளைத் தூவியதுபோலச் சின்னஞ்சிறு குவார்ட்ஸ் ஊசிகள். ஒரு மூலை உடைந்து, அந்த இடம் வழவழப்பான முக்கோணமாக இருந்தது. ஃபுளோரைட் நான்கு திசைகளில் சீராகப் பிளக்கும். அதனால்தான் கனசதுரத்தின் மூலை முக்கோணமாகத் தெறிக்கிறது. குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது. புற ஊதா விளக்கைக் காட்டியதும் கல் ஒளிர்ந்தது. இப்படி ஒளிரும் தன்மைக்கு 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் பெயர் வைத்தது இந்தக் கனிமத்தின் பெயரிலிருந்துதான். ஆக, கல் ஃபுளோரைட் என்பதில் ஐயமில்லை. ஊர்தான் கேள்வி.

ஃபுளோரைட் என்பது கால்சியமும் ஃபுளோரினும் சேர்ந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. பந்தல்குடியில் சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். கரிசலைத் தோண்டினால் சுக்கான் கல் வருகிறது. எனவே சீட்டை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

இந்த நிலத்தின் பாறைகளை முறையாக எழுதிவைத்தவர்களில் முன்னோடி ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவர். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியல் பற்றிய அவரது நூலை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1883-இல் வெளியிட்டது. பின்வந்த ஆய்வுகளோடு சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிறது. இது உருமாறிய பாறைகளின் நாடு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இறுகியவை. அந்த அழுத்தத்தில் பாறைக்குள் வெற்றிடம் நிலைக்காது. இந்தக் கல்லிலோ கனசதுரங்கள் நெருக்கடியின்றி, திறந்த குழிக்குள் வளர்ந்திருக்கின்றன. மேலோட்டமான ஆழத்தில், குறைந்த வெப்பமுள்ள கரைசல் பாறை வெடிப்புகளில் ஓடினால்தான் இப்படி வளரும்.

இந்தியச் சுரங்கத் துறையின் ஆண்டேடுகளில் ஃபுளோரைட் இருப்புப் பட்டியலைப் பார்த்தேன். குஜராத், ராஜஸ்தான், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம் இருக்கின்றன, தமிழ்நாடு இல்லை. அரசுப் பட்டியல் பெரிய இருப்புகளைத்தான் கணக்கில் கொள்ளும். ஒரு கிணற்றில் ஒரு நரம்பு இருந்திருக்கலாம். அதனால் மறுபடியும் பெட்டிக்கே வந்தேன்.

கல்லைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் துருநிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. லென்ஸ் வைத்தால் உருண்ட மணல் மணிகள்: மணற்பாறை. திருச்சுழிக் கிணற்று மேடுகளில் கிடப்பவை வேறு: சிவப்புக் கார்னெட் புள்ளிகள் பதிந்த பட்டைப் பாறை, வெள்ளைக் குவார்ட்ஸான வெங்கச்சான் கல், சுக்கான். அடுத்த தடயம் இன்னும் வலுவானது. அதே பெட்டியில் பீச் நிறக் கற்றைகளாக ஸ்டில்பைட் என்ற கனிமம் ஒன்று. அதன் சீட்டிலும் அதே கையெழுத்து, அதே இரண்டாவது வரி: “அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் ஜில்லா.” இத்தகைய ஸ்டில்பைட் கற்றைகளுக்குப் பேர்போனது தக்காண எரிமலைப் பாறை. அருப்புக்கோட்டையில் அந்தப் பாறையே கிடையாது. அந்த வரி கல் கிடைத்த இடமல்ல. கல்லை வைத்திருந்தவரின் முகவரி.

அப்படியானால் கல் எங்கிருந்து வந்தது? மணற்பாறை, குவார்ட்ஸ் ஊசிகள், திறந்த குழியில் வளர்ந்த நீலக் கனசதுரங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து காட்டும் இடம் குஜராத்தின் சோட்டா உதேபூர்ப் பகுதியிலுள்ள அம்பாடோங்கர். அங்கே சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கார்பனேட் நிறைந்த அபூர்வமான உருகுபாறை மணற்பாறையைத் துளைத்து வளையமாக எழுந்தது. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் ஃபுளோரைட் படிந்தது. புவியியலாளர்கள் சுகேஸ்வாலாவும் உதாஸும் 1963-இல் இந்தப் பாறையைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் அந்த மலையைத் திரும்பிப் பார்த்தது.

சீட்டின் ‘ராமநாதபுரம் ஜில்லா’வும் இங்கே உதவுகிறது. அந்த ஜில்லா உருவானது 1910-இல். அருப்புக்கோட்டை அதிலிருந்து பிரிந்தது 1985-இல். கல் அம்பாடோங்கருடையது என்றால், அது 1963-க்கும் 1985-க்கும் இடையில் இந்த வீட்டுக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதியாக்க வேதிப் பகுப்பாய்வு வேண்டும். ஆனால் கிணற்றுக் கல் அல்ல என்று சொல்ல இப்போதுள்ள சாட்சியே போதும்.

பெரியம்மா சொன்னது பொய்யா? இல்லை. பெட்டியின் அடியில் சீட்டே இல்லாமல் ஒரு வெங்கச்சான் கல் கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்புக் கார்னெட் புள்ளிகளோடு இந்த ஊர்ப் பாறை. மாமனார் கிணற்றில் எடுத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அழகான கல்லுக்குச் சீட்டு கிடைத்தது. சொந்த ஊர்க் கல்லுக்குக் கிடைக்கவில்லை. காலப்போக்கில் அதன் கதையும் நீலக் கல்லுக்குப் போய்விட்டது.

இடம் தெரியாத கனிமம் அலமாரியை அலங்கரிக்கும். நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறும் குவாரியும் தோண்டத் தோண்டப் புதுப் பாறை மேலே வந்துகொண்டே இருக்கிறது; பெரும்பாலும் ஜல்லியாகிப் போகிறது. இந்த ஊர்ப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு பெட்டி வைத்து, எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், யார் எடுத்தது, எந்த நாள் என்று நான்கு வரி எழுதிக் கல்லோடு சேர்த்து வைக்கலாம். முகவரியைத் தனியே எழுதுங்கள். நாளை இந்த நிலத்தில் மெய்யாகவே ஒரு நீலக் கனசதுரம் கிடைத்தால், அதை நம்புவதற்கு அந்த நான்கு வரிதான் ஆதாரம்.