கோட்டை மதிலும் பழுதுபார்க்கும் கைகளும்



மட்டக்களப்பு வாவியின் நடுவே, புளியந்தீவில் நிற்கும் கோட்டை அளவிற் சிறியது. யாழ்ப்பாணக் கோட்டையின் பரப்போ காலிக் கோட்டையின் பகட்டோ அதற்கு இல்லை. நாற்சதுர அமைப்பு; நான்கு மூலைகளிலும் நான்கு கொத்தளங்கள்; இரண்டு பக்கம் வாவி நீர், மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. மதில்மேல் பழைய பீரங்கிகள் வாவியைப் பார்த்தபடி கிடக்கின்றன. இக்கோட்டையைப் புனரமைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு இடையிடையே எழுவதுண்டு. நல்ல பேச்சுத்தான். ஆனால் 'பழைய நிலை' என்றால் எந்த நிலை என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. அந்த விடையைத் தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடலோடியான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டி அரசன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். கண்டிக்குக் கடல்வழி உறவு கிடைப்பது போர்த்துக்கேயருக்கு உவப்பாக இருக்கவில்லை. கிழக்குக் கரையின் துறைகளை அடைத்துவிட அவர்கள் எண்ணினர். தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் முதலில் திருகோணமலையிலும், பின்னர் 1628இல் புளியந்தீவிலும் கோட்டை எழுந்தது. பத்தே ஆண்டுகள்தான். 1638 மே 18இல் அதாம் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கப்பற்படையும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தன. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை இதுவே.

சில நாட்களுக்குள், மே 23இல், மட்டக்களப்பிலேயே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றி அதில் ஒரு வாசகம் உண்டு. 'அரசர் விரும்பினால்' என்ற நிபந்தனை ஒரு பிரதியில் இருந்தது; ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. இச்சிறு சொற்றொடருக்காகப் பின்னர் எத்தனை மனக்கசப்பும் இரத்தமும்! 1640களில் கோட்டை அரசனிடம் போயிற்று. 1660களில் ஒல்லாந்தர் மீண்டும் வந்தமர்ந்தனர். இன்று நம் கண்ணிற்படும் மதிலும் கொத்தளமும் பெரும்பாலும் அவர்களின் கைவேலையே. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பிற்காலத்தில் இதே மதில்களுக்குள் மாவட்டக் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது.

ஆக, ஒரே மதிலுக்குள் மூன்று ஆட்சிகள். இதை விளங்கிக்கொள்ள நாம் கட்டடக் கலைஞராக வேண்டியதில்லை; நமது பேச்சைக் கவனித்தாலே போதும். யன்னல், மேசை, அலுமாரி என்ற சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. 'கந்தோருக்குப் போகிறேன்' என்கிறோமே, அந்தக் கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. கச்சேரி என்ற சொல்லோ வட இந்திய மொழி வழியாக ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்து சேர்ந்தது. முதற்சொல்லே மூலமானது என்று பின்வந்தவற்றை யாராவது நாவிலிருந்து சுரண்டி எடுக்க முயல்வார்களா? போர்த்துக்கேயரின் கோட்டை பெரும்பாலும் மறைந்துவிட்ட இதே ஊரில், அவர்களின் மொழியின் கிளையொன்று பறங்கியர் சிலரின் வீடுகளில் நமது காலம்வரை வாழ்ந்து வந்திருக்கிறது. கல்லைவிடச் சொல் நீண்டு வாழ்வதும் உண்டு.

'பழைய நிலைக்குக் கொண்டுவருதல்' என்ற ஆசையால் பெரிதும் பாதிக்கப்பட்ட நாடு இங்கிலாந்து. அங்கே ஊருக்கொரு பழைய கிறிஸ்தவ ஆலயம். ஒரே ஆலயத்தில் ஒரு நூற்றாண்டின் தூணும், அடுத்த நூற்றாண்டின் யன்னலும், பின்னொரு காலத்தின் கோபுரமும் சேர்ந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் திருத்த வந்தவர்கள், தமக்குப் பிடித்த ஒரு காலத்தை மட்டும் தூய்மையானது எனக் கொண்டு மற்றவற்றை இடித்துத் தள்ளினர்.

இலக்கிய நேயர்கள் நன்கறிந்த தோமஸ் ஹார்டி நாவலாசிரியராகப் பெயர் பெறுமுன் கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தவர். 1870 மார்ச்சில், 29 வயது இளைஞராக, கோர்ன்வோல் பகுதியிலுள்ள சென் ஜூலியற் என்ற ஊரின் சிதைந்த ஆலயத்தை அளந்து வரைபடம் தயாரிக்க அனுப்பப்பட்டார். அங்கேதான் தம் மனைவியாக வரவிருந்த எம்மாவைச் சந்தித்தார். வேலை முடிந்தபோது பழைய கோபுரமும் நடுக்கூடமும் போய்விட்டன. எஞ்சிய தென்பக்கக் கூடமே புதிய ஆலயத்தின் நடுக்கூடம் ஆயிற்று. செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய மரத்தட்டி ஒன்றைப் பேணி வைக்கவேண்டும் என்று ஹார்டி கருதியிருந்தார். ஒப்பந்தக்காரரோ, பழையதை ஒட்டுப்போடுவானேன் என்று பெருமனத்தோடு புதிதாகவே ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டாராம்! அவர் கெட்டவரல்லர், நல்லது செய்ததாகவே நினைத்தார். அழிவுகளிற் பல இத்தகைய நல்லெண்ணத்தால் நிகழ்ந்தவையே.

1877இல் கவிஞர் வில்லியம் மொறிஸ் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பழஞ்சுவர்களின் பூச்சைச் சுரண்டியெடுக்கும் வழக்கத்தை எதிர்த்ததால் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்ற பட்டப்பெயர் அதற்கு வந்தது. தமிழில் அச்சொல்லுக்குள்ள மற்றப் பொருளும் பொதுவுடைமையாளரான மொறிசுக்குப் பொருந்துவதே. அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தள்ளிப்போடுங்கள். ஒழுகும் கூரையை அடையுங்கள். சாயும் சுவருக்கு முட்டுக்கொடுங்கள். இல்லாத பழமையைப் புதிதாகச் செய்து ஒட்டாதீர்கள் என்பது அவரது கொள்கை. ஹார்டியும் பின்னர் அச்சங்கத்திற் சேர்ந்தார். 1906இல் தம் பழைய பணிகளை நினைந்து வருந்தி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆனால் அவர் ஒருபக்கம் சாய்ந்துவிடவில்லை. ஆராய்ச்சியாளனுக்கு ஆலயம் ஒரு பழம்பொருள். அங்கே வந்து தொழுபவனுக்கோ அது அன்றாடம் பயன்படும் இடம். இவ்விரண்டு தேவைகளும் மோதும்போது தீர்ப்புச் சொல்வது கடினம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

இந்த மோதல் நமக்கும் புதிதன்று. கோயில் பழுதுற்றால் பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடித்து, குடமுழுக்குச் செய்வது நமது மரபு. வழிபாடு நடக்கும் இடத்தை இடிபாடாகவே விட்டுவை என்று யாரும் சொல்ல முடியாது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கூரைகளை வாரிக்கொண்டு போனபோது, எதைக்கொண்டு மூடுவது என்று ஆராய எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. எனினும் ஒன்று கேட்க வேண்டும். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலின் கல்நந்தி, அழிக்க வந்த பறங்கித் தளபதியின் முன் எழுந்து புல் தின்றது என்று நமது முன்னோர் கதை சொல்லி வந்தனர். அக்கதையைப் பரம்பரையாகக் காத்த நாம், அக்காலத்துக் கல்லையும் செங்கல்லையும் அதே பரிவோடு காத்தோமா? திருப்பணி என்ற பெயரில் ஊர்தோறும் எத்தனை பழந்தூண்கள் சீமெந்துக்கு இடம்விட்டன?

அழிவின் மறுமுகத்தை யாழ்ப்பாணத்திற் காணலாம். அங்கே கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம், முருகைக்கல்லால் ஆன தடித்த சுவர்களோடு, இந்நாட்டின் சிறந்த கட்டடங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 1990 முற்றுகையும் அதைத் தொடர்ந்த போரும் அதைக் கற்குவியலாக்கின. 2010இல் ஒல்லாந்த அரசின் உதவியோடு கோட்டை மதில்களை மீளமைக்கும் பணி தொடங்கியது. தேவாலயம் எழவில்லை. அளந்து கட்டினால் அதே உருவத்தில் ஒன்றை நிறுத்திவிடலாம். ஆனால் அது 1706இன் ஆலயமாக இருக்காது. அந்தக் கற்குவியலும் 1990இன் சாட்சியாக வரலாற்றில் ஓர் ஏடாகிவிட்டது.

மட்டக்களப்புக் கோட்டை பிழைத்ததற்கு ஒரு காரணம், அது பயன்பட்டுக்கொண்டே இருந்தமைதான். கோப்புக் கட்டுகளும் எழுதுவினைஞர்களும் வழக்குக்கும் காணிக்கும் வந்துபோன குடியானவர்களும் அதற்கு உயிர் கொடுத்தனர். ஆட்கள் புழங்கும் கட்டடத்தில் ஒரு ஓடு உடைந்தால் யாராவது கவனிப்பார்கள். ஆளற்ற கட்டடத்தில் அரசமரக் கன்று வேர்விட்ட பின்னர்தான் கவனிப்பார்கள்.

ஆதலால் இக்கோட்டைக்கு வேண்டியது பெருஞ்செலவான புதுக்கோலம் அன்று. முதலில் ஒவ்வொரு சுவரையும் அளந்து, படமெடுத்து, பதிவுசெய்ய வேண்டும். மதிலில் முளைக்கும் ஆலையும் அரசையும் சிறிதாக இருக்கும்போதே அகற்ற வேண்டும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தையே பூச வேண்டும். உவர்நீர் சூழ்ந்த இடத்தில் சீமெந்தைப் பூசினால் ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி உள்ளே நின்று கல்லைத் தின்னும். புதிதாகச் சேர்ப்பது எதுவாயினும் அது புதியதென்று பார்ப்பவனுக்குத் தெரியவேண்டும். போர்த்துக்கேயர் அத்திவாரம், ஒல்லாந்தர் மதில், ஆங்கிலேயர் காலத்துக் கச்சேரி, அதன்பின் நாமே சேர்த்தவை எல்லாம் அவரவர் இடத்தில் இருக்கட்டும்.

நம்மை அடக்கி ஆண்டவர்களின் கோட்டையை நாம் ஏன் காக்கவேண்டும் என்று கேட்பவர்களும் உளர். நியாயமான கேள்வி. அந்தக் கற்களைச் சுமந்த தோள்கள் யாருடையவை என்று உடன்படிக்கைகளில் எழுதியில்லை. அவர்களுக்கென்று வேறு நினைவுக்கல்லும் கிடையாது. அவர்கள் அடுக்கிய மதில் ஒன்றுதான் இருக்கிறது.