கணப்படுப்பும் ஒரு கணக்கும்



மார்கழி விடியலில் சருகும் சுள்ளியும் குவித்துத் தீ மூட்டிக் குளிர்காயும் காட்சியை நம் சிற்றூர்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தீயைச் சூழ்ந்து நிற்போர்க்கு ஒரு துன்பம் உண்டு. காற்றுத் திரும்பும்போதெல்லாம் புகை கண்ணைக் கரிக்கும். விறகு எரியுமளவுக்கு உடல் சூடேறாது. எளிய இத்துன்பத்தை ஆராய்ந்து தீர்க்க முனைந்த ஒருவரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

அதற்கு முன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகின்றேன். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, சாரண மாணவர்களுடன் நீலகிரியில் முகாமிட்டிருந்தேன். அந்தி சாய்ந்ததும் குளிர் தாங்க முடியவில்லை. மறுநாள் மாணவர்கள் கல்லும் மண்ணும் கொண்டு மூன்று புறமும் சுவர் எழுப்பி, மேலே புகைபோக்கியும் வைத்து, திறந்தவெளியில் ஒரு கணப்படுப்புக் கட்டத் தொடங்கினர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, புகை நுழையும் வழியைக் கொஞ்சம் குறுக்கிவிடலாமா?" என்று கேட்டான். அவன் தந்தையார் செங்கற்சூளையில் வேலை செய்பவர். "இவ்வளவு புகை குறுகிய வழியில் எப்படிப் போகும்? அகலமாகவே வை" என்று நான் அவனை அடக்கிவிட்டேன். அன்றிரவு புகையெல்லாம் எங்கள் முகத்திலேயே வீசிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் காரணம் தேடவில்லை.

பல ஆண்டுகள் சென்றபின், ரம்போர்டுப் பிரபு 1796இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அம்மாணவன் சொன்னதே அதில் அளவுகளோடு எழுதப்பட்டிருந்தது.

ரம்போர்டின் இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753இல் அமெரிக்காவின் மாசாசூசெட்சில் பிறந்தவர். அவரை மாசற்ற மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில் தம் நாட்டவரைப் பற்றிய செய்திகளை ஆங்கிலேயர்க்கு மறைவாக எழுதி அனுப்பினார். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு 1776இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பின்னர்ப் பவேரிய மன்னரிடம் பணிபுரிந்து, ஏழையர்க்குத் தொழிற்கூடமும் உணவுச்சாலையும் அமைத்து, பிரபுப் பட்டமும் பெற்றார். மிகக் குறைந்த விறகில் மிகப் பலர்க்கு உணவு சமைப்பது எவ்வாறு என்னும் கேள்வி அங்கே அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது.

1795இல் அவர் இலண்டன் மாநகர்க்கு வந்தார். பழங்காலத்து ஐரோப்பிய வீடுகளில் கூடத்தின் நடுவில் தீ எரியும். புகை கூரைத் துளை வழியே போகும். ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டிலிருந்து சுவரோடு ஒட்டிய புகைபோக்கி பரவலாயிற்று. ஆயினும் ரம்போர்டின் காலம்வரை கணப்படுப்பு ஆழமான பெட்டி போலவே இருந்தது. அதன் மேல் வாயும் மிக அகன்றிருந்தது. விளைவு என்ன? அறையின் சூடான காற்று வெள்ளம்போல் புகைபோக்கியில் ஏறிப் போயிற்று. கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே நுழைந்தது. மிகுதியான காற்றோடு கலந்து குளிர்ந்த புகை மேலேற வலிமையின்றி அறைக்குள் திரும்பிற்று.

ரம்போர்டு செய்தவை இரண்டே. புகை நுழையும் தொண்டையை முன்பின்னாக 4 அங்குலம் அளவுக்குக் குறுக்கினார். வீண்காற்று குறைந்ததால் புகை சூடாகவே இருந்து விரைந்து ஏறிற்று. அடுத்து, நம்மைச் சூடேற்றுவது தீயிலிருந்து நேரே வரும் வெப்பக் கதிர் என்பதை உணர்ந்து, அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து விரித்தார். கதிர்களைத் திருப்பி அனுப்பும்பொருட்டு அச்சுவர்களுக்கு வெள்ளையடிக்கவும் சொன்னார்.

இங்கே உங்கள் வடிவகணிதம் உதவும். தாளில் வரைந்து பாருங்கள். பின்சுவர் 13 அங்குலம். ஆழமும் 13 அங்குலம். பக்கச் சுவர்கள் பின்சுவரோடு 135 பாகை கோணத்தில் அமையட்டும். ஒவ்வொரு பக்கமும் 13 அங்குலம் விரியும். ஆகவே முன்வாய் 39 அங்குலம். பின்சுவரைப்போல் சரியாக மூன்று மடங்கு. கொத்தனார் ஒருவர் கோலும் நூலும் கொண்டு எளிதில் கட்டக்கூடிய கணக்கு இது.

இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எவரும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1800இல் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே, ரம்போர்டு தம் அடுப்பிலேயே முதுகு காய்வதுபோல் படம் வரையும் அளவுக்கு அது புகழ்பெற்றது. ஜெபர்சன் தம் மாண்டிசெல்லோ மாளிகையில் இவ்வகை அடுப்புகளை அமைத்தார். பின்னர் இரும்பு அடுப்புகளும் வெந்நீர்க் குழாய்களும் வந்தபோது உலகம் இதனை மறந்தது. 1969இல் விரெஸ்ட் ஆர்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு நூல் எழுதி மீண்டும் நினைவூட்டினார்.

இன்று தோட்டங்களில் தாமே கணப்படுப்புக் கட்டுவோர்க்கும் இக்கணக்கே வழிகாட்டி. திறந்தவெளியில் சூடான காற்றைத் தேக்கிவைக்கச் சுவரில்லை, கூரையில்லை; அங்கே நம்மைக் காப்பது நேரே வரும் வெப்பக் கதிர் ஒன்றே. ஆகையால் ஆழம் குறைந்த, சாய்ந்த சுவருடைய அடுப்பு அங்கே மிகவும் பொருந்தும். உறுதியான அடித்தளம் வேண்டும். தீப்படும் உட்புறத்தில் அனல் தாங்கும் செங்கல் வேண்டும். புகைக்குழலின் பரப்பு முன்வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் இருத்தல் நன்று. ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கற்களை உள்ளே வைக்கலாகாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அவை வெடித்துச் சிதறும். விறகு நன்கு உலர்ந்ததாக இருக்கவேண்டும். ஈரவிறகின் புகை நுரையீரலுக்குக் கேடு. கூரை வேய்ந்த குடிசைக்கும் மரக்கிளைக்கும் தொலைவிலேயே கட்டவேண்டும்.

வெப்பம் பற்றிய ஆர்வம் ரம்போர்டை அடுப்போடு நிறுத்திவிடவில்லை. பீரங்கிக் குழாயைக் குடையும்போது ஓயாமல் வெப்பம் எழுவதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளன்று, ஒருவகை இயக்கமே என்று 1798இல் எடுத்துரைத்தார். மறு ஆண்டு இலண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் அறிவியற் கழகம் தோன்றவும் அவரே முதற்காரணமானார். புகையும் அடுப்பைப் பார்த்து "ஏன்?" என்று கேட்ட மனமே இயற்பியலின் வாயிலையும் தட்டிற்று.

அந்தக் கேள்வியை என் மாணவனும் கேட்டான். அவன் சூளையருகில் வளர்ந்தவன். நெருப்பின் போக்கைக் கண்ணால் கற்றவன். நானோ பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றிருந்தும், ஒருமுறை கட்டிப் பார்த்துவிடுவோம் என்று சொல்லத் தவறினேன். பத்துக் கற்களை நகர்த்தியிருந்தால் போதும். விடை அன்றிரவே கிடைத்திருக்கும்.

அவன் இப்போது எங்கிருக்கின்றான் என்பதை அறியேன். இந்த உரை அவன் செவிக்கு எட்டுமாயின் அவனுக்கு ஒன்று சொல்வேன்: தம்பி, நீ சொன்னதே சரி. பிழை என்னுடையது.