ஓர் ஓவியக் கூடத்தின் ஏடுகள்

நாம் பணியாற்றும் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. ஓரம் சிதைந்து மை மங்கிய ஏடு அது. சில ஆண்டுகளுக்கு முன் நம் இனத்துப் பெரியவர் ஒருவர் தம் பேரனுடன் வந்து, தாம் அங்குப் படித்ததற்குச் சான்று வேண்டினார். அவர் குடும்பத்தில் பள்ளிப் படியை முதன்முதல் மிதித்தவர் அவரே. அதற்கு எஞ்சியிருந்த எழுத்துச் சான்று அப்பதிவேட்டின் ஒரே ஒரு வரி. அவ்வரியின்மேல் விரலை வைத்துப் பேரனுக்குக் காட்டியபோது அவர் கண்கள் கலங்கின. ஏட்டின் அருமையை நாம் அன்று உணர்ந்தோம். கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை அவ்வுணர்வோடு நம் இளைஞர்க்குக் கூற விழைகிறோம்.

நூலகத்தில் பிறந்த ஓவியம்

போர்ட்டோ ரிக்கோ தீவில் 1874-இல் பிறந்தவர் ஆர்துரோ ஷோம்பர்க். கறுப்பின மக்களுக்கு வரலாறே இல்லை என்று ஆசிரியர் ஒருவர் கூறியதைச் சிறு வயதில் இவர் கேட்டதாகச் சொல்வர். அச்சொல்லுக்கு விடையாகவே, கறுப்பினத்தார் எழுதிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டினார். நியூயார்க் பொது நூலகம் 1926-இல் அத்தொகுப்பை வாங்கி, கறுப்பின மக்கள் பெருகி வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் கிளையில் வைத்தது.

அந்நூலகத்துக்கு வந்து படித்தவர்களுள் ஒருவர் ஜேக்கப் லாரன்ஸ். 1917-இல் பிறந்த இவர் தம் பதின்மூன்றாம் வயதில் ஹார்லெம் வந்து சேர்ந்தவர்; உயர்நிலைப் பள்ளியைக் கூட முடிக்க இயலாதவர். முதல் உலகப் போர்க் காலம் தொடங்கிக் கறுப்பின மக்கள் தென் மாநிலக் கொடுமைகளினின்று விடுபட வடக்கே குடிபெயர்ந்த வரலாற்றை இவர் நூலகத்தில் பயின்றார். 1940-41-இல் அதனை 60 சிறு பலகைகளில் வரைந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 23. வண்ணம் மாறுபடாதிருக்க, ஒவ்வொரு வண்ணத்தையும் எல்லாப் பலகைகளிலும் ஒருசேரத் தீட்டினார். பின்னர் அவர்தம் மனைவியான ஓவியர் குவெண்டலின் நைட் பலகைகளைப் பதப்படுத்த உதவினார்.

துணிந்த பெண்மணி

ஈடித் ஹால்பர்ட் 1900-இல் ஒடெஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக அமெரிக்காவில் குடியேறியவர். 1926-இல் நியூயார்க்கில் ஒரு சிறு ஓவிய விற்பனைக் கூடத்தைத் தொடங்கினார். அது ‘டவுன்டவுன் கேலரி’ எனப் பெயர் பெற்றது. வாழும் அமெரிக்க ஓவியர்களையே அவர் பெரிதும் ஆதரித்தார். ஜப்பானில் பிறந்த யசுவோ குனியோஷி, லிதுவேனியாவில் பிறந்த பென் ஷான் முதலியோர் அக்கூடத்தின் ஓவியர்கள்.

ஹோவர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் அலைன் லாக்கின் துணையுடன், கறுப்பினக் கலைஞரின் படைப்புகளைக் கொண்ட கண்காட்சியை 1941 டிசம்பரில் நடத்த ஹால்பர்ட் திட்டமிட்டார். பிற கூடத்தாரும் ஆளுக்கொரு கறுப்பின ஓவியரை ஏற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது, நாடு போரில் இறங்கியது, பிறர் பின்வாங்கினர். ஹால்பர்ட் கண்காட்சியைத் திறந்ததோடு லாரன்ஸைத் தம் கூடத்தில் சேர்த்தும் கொண்டார். 60 படங்களும் சிதறவில்லை. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் இரட்டைப்படை எண்ணுள்ள 30 படங்களையும், வாஷிங்டனின் பிலிப்ஸ் காட்சியகம் ஒற்றைப்படை எண்ணுள்ள 30 படங்களையும் வாங்கின. எது எங்குள்ளது என்று இன்றும் எவரும் அறியலாம்.

அதே லாரன்ஸ் 1954-56-இல் வரைந்த அமெரிக்கப் போராட்ட வரலாற்றுத் தொடரின் கதி வேறு. அத்தொடரின் 30 படங்களும் ஒரு தனியார் கைக்குப் போய், பின் தனித்தனியே விற்கப்பட்டன. சில எங்குப் போயின என்றே தெரியாமற் போயிற்று. 2020-இல் ஒன்றும் 2021-இல் ஒன்றுமாக இரண்டு, நியூயார்க் வீடுகளின் சுவர்களில் தொங்கக் கண்டுபிடிக்கப்பட்டன.

காத்த ஏடுகள்

ஹால்பர்ட் 1970-இல் மறைந்தார். அவர் கூடத்தின் கடிதங்கள், விற்பனைக் கணக்குகள், இருப்புப் பட்டியல்கள், நிழற்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியன ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அடுக்கி வைத்தால் அவை 100 அடிக்கு மேல் நீளும். ஒரு வணிகர் தம் தொழிலுக்காக எழுதி வைத்த கணக்கு, இன்று ஆராய்ச்சியாளர்க்குக் கருவூலம். நசுக்கப்பட்ட இனத்து இளைஞன் ஒருவன் கலையுலகில் நுழைந்த கதைக்கு அதுவும் சாட்சி.

இளைஞர்களே! நமக்கு வரலாறு இல்லை என்று சொன்னவர்கள் இந்நாட்டிலும் உண்டு. அவர்க்கு விடை நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. நம் கழகத்தின் 25 ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளையும், நன்கொடைச் சீட்டின் அடிக்கட்டைகளையும் கரையானுக்கு இரையாக்காதீர். பழைய படங்களின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதி வையுங்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பொன்விழா மலரை எழுத வருவோர் தேடப்போவது அவற்றையே.