இருபத்திரண்டு துளைக் கரி

சாணுக்கும் குறைவான உயரம், 3.6 கிலோ எடை, உருளை வடிவம். மேலிருந்து பார்த்தால் தாமரைக் காயின் முகம் போல 22 துளைகள். எல்லாம் அடிவரை ஊடுருவிப் போகின்றன. தொட்டால் கை கறுத்துவிடும். கொரியர்கள் இதை யொந்தான் என்கிறார்கள். தென்கொரியாவில் ஏழை வீடுகளையும் நடுத்தர வீடுகளையும் பல பத்தாண்டுகள் குளிரிலிருந்து காத்தது இந்த நிலக்கரிக் கட்டிதான். ஜனவரி இரவுகளில் சோல் நகரம் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிவரை போவது சாதாரணம். அந்தக் குளிரை, கையில் இருக்கும் சொற்பக் காசுக்குள் தாண்டியாக வேண்டும். அதற்காகவே பிறந்த பொருள் இது. இதன் கதை மொட்டை மலைகளிலிருந்து தொடங்குகிறது.

கொரிய வீட்டில் சூடாவது தரை. ஒந்தோல் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். சமையலறை அடுப்பில் எரியும் தீயின் புகையும் வெப்பமும், பக்கத்து அறையின் தரைக்கு அடியில் கல் பாவிய பாதைகள் வழியே ஊர்ந்து, மறுகோடிப் புகைபோக்கியில் வெளியேறும். சோறு வேகிற தீயே படுக்கையையும் சூடாக்கிவிடும். தரையிலேயே உட்கார்ந்து, தரையிலேயே உண்டு, தரையிலேயே படுக்கும் மக்களுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அது விறகைத் தின்றது. ஜப்பானிய ஆட்சிக் காலத்திலேயே மெலிந்துபோன காடுகள், 1950இல் தொடங்கி 1953வரை நடந்த போருக்குப் பின் ஏறக்குறைய இல்லாமலே போயின. மழை பெய்தால் மலை சரிந்தது. நகரங்களுக்குள் விறகு கொண்டுவரவே அரசு தடை போட்டது. மரத்துக்கு மாற்றாக நாட்டில் தாராளமாகக் கிடைத்தது ஒன்றுதான்: காங்வொன் மாகாணத்து மலைகளுக்கு அடியில் இருந்த அனல்மிகு நிலக்கரி. இன்று கொரிய மலைகள் பச்சையாக நிற்பதற்கு 1973இல் தொடங்கிய மரம் நடும் திட்டம் ஒரு காரணம் என்றால், அந்தக் கன்றுகளை யாரும் வெட்டி எரிக்காதபடி பார்த்துக்கொண்ட இந்தக் கரி இன்னொரு காரணம்.

தேபேக், ஜோங்சோன், சாம்சோக். சுரங்க ஊர்கள் இவை. அங்கே கிடைக்கும் கரி எளிதில் நொறுங்கி, பெரும்பாலும் தூளாகவே மேலே வரும். தூளை அப்படியே அடுப்பில் போட்டால் காற்றுப் புகாமல் அணைந்துவிடும். அதனால்தான் நீர் தெளித்துப் பிசைந்து, அச்சில் இட்டு அழுத்தி, துளையோடு வார்த்தெடுத்தார்கள். துளை இருந்தால் காற்று உள்ளே ஏறும், கட்டி உள்ளும் புறமும் சீராக எரியும். துளை கூடினால் தீயின் வேகம் கூடும். கட்டியின் ஆயுள் குறையும். முதலில் 9, பிறகு 19, அதன்பின் 22 என்று கூடியது. வெப்பமும் வேண்டும், விடியும்வரை தாங்கவும் வேண்டும் என்ற வீட்டுக் கணக்கில்தான் துளையின் எண்ணிக்கை முடிவானது.

அந்தத் தூளைப் பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தவர்களின் நுரையீரலிலும் அதே தூள் படிந்தது. தூசிநோயால் மூச்சுத் திணறியபடி முதுமையைக் கழித்த சுரங்கத் தொழிலாளர்கள் அந்த ஊர்களில் ஏராளம். 1980 ஏப்ரலில் ஜோங்சோன் பகுதியின் சாபுக் என்ற இடத்தில் கூலி கேட்டு அவர்கள் திரண்டெழுந்தார்கள். ராணுவ ஆட்சி பலரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. யொந்தான் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. நகரத்து வீடு மலிவாகச் சூடானதில் இந்த மனிதர்கள் கொடுத்த பங்கை எந்த விலைப்பட்டியலும் காட்டியதில்லை.

கரித்தூள் சுரங்கத்திலிருந்து சரக்கு ரயிலில் சோல் வந்து சேரும். தண்டவாளத்தை ஒட்டியே ஆலைகள் இருந்தன. அங்கிருந்து லாரி, லாரி ஏறாத மலைச்சரிவுச் சந்துகளில் முதுகில் கட்டிய மரச்சட்டம், அதற்கும் மேலே கையும் காலும்தான். இலையுதிர் காலம் முடிவதற்குள் கிம்ச்சி ஊறப்போடுவதும் சில நூறு யொந்தான் அடுக்கிவைப்பதும் ஒரு குடும்பத்தின் இரண்டு பெரிய கடமைகள். இரண்டும் முடிந்துவிட்டால் வீட்டுத் தலைவி நிம்மதியாக மூச்சு விடுவாள். மொத்தமாக வாங்க முடியாதவர்கள், அன்றைய கூலி கைக்கு வந்ததும் ஒன்றோ இரண்டோ வாங்கி, நடுத்துளையில் வைக்கோல் கயிறு கோத்துத் தூக்கிப் போவார்கள். 1966 இலையுதிர் காலத்தில் தட்டுப்பாடு வந்தபோது மக்கள் கட்டிக்காக அலைந்தார்கள். அரசையே ஆட்டிவைத்த நெருக்கடி அது.

வீட்டுக்குள் வந்தபின் இதற்கு ஒரு பராமரிப்பு உண்டு. அடுப்புக் குழியில் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழ்க்கட்டி எரிந்து முடியும் தறுவாயில், மேலே இருப்பதை இடுக்கியால் எடுத்து, சாம்பலான கீழ்க்கட்டியை அப்புறப்படுத்தி, எரிகிறதைக் கீழே இறக்கி, புதியதை அதன்மேல் வைக்க வேண்டும். அப்போது துளையும் துளையும் நேராகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தீ மேலே ஏறாது. ஒரு கட்டி ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தாங்கும். அடுப்பின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்தால் அறை சுறுசுறுவென்று சூடேறும், கரி சீக்கிரம் தீரும். மூடி சற்றே இடைவெளி விட்டால் மெல்லக் கனன்று விடியலைத் தொடும். செலவைக் கட்டுப்படுத்தும் கருவி அந்தச் சின்ன மூடிதான். எத்தனை விரற்கடை திறப்பது என்று தெரிந்தவளே கெட்டிக்காரி. நடுநிசியில் எழுந்து கட்டி மாற்றும் வேலை பெரும்பாலும் தாயின் தலையில், இல்லாவிட்டால் மருமகளின் தலையில் விழுந்தது. தூங்கிப்போய்த் தீ அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் புதுக் கட்டி ஒன்றைக் கொடுத்து, அவர்கள் அடுப்பில் எரியும் கட்டியை மாற்றி வாங்கி வருவார்கள்.

இதே தீ ஆளையும் கொன்றது. கரி முழுமையாக எரியாதபோது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையில் விழுந்த ஒரு விரிசல் போதும். உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே போய்விடுவார்கள். சிக்கனத்துக்காகக் காற்றுத் துவாரத்தை நெருக்கி மூடிய வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். குளிர்காலம்தோறும் பத்திரிகைகளில் குடும்பம் குடும்பமாக மரணச் செய்தி வந்தது; ஆண்டுக்குப் பல நூறு உயிர்கள் போயின. பிழைத்தவர்களுக்கு முள்ளங்கிக் கிம்ச்சியின் நீரைக் குடிக்கக் கொடுப்பது வீட்டு வைத்தியமாக இருந்தது. 1988ஆம் ஆண்டின் சோல் தெருவொன்றைக் காட்டும் ‘ரிப்ளை 1988’ தொடரை இங்கே பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கலாம். இது தூர தேசத்துச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை எரியவிட்டுப் படுத்தவர்கள் மறுநாள் எழாமல் போனதுண்டு. மலையூருக்குப் போகிறவர்கள், எவ்வளவு குளிரடித்தாலும், மூடிய அறைக்குள் கரித்தீயைக் கொண்டுபோகக் கூடாது.

கொரியர்கள் இந்த ஆபத்துக்கு ஒரு தீர்வு கண்டார்கள். தீயை அறையின் அடியிலிருந்து விலக்கி வெளியே வைத்து, அதில் நீரைக் காய்ச்சி, அந்த நீரைத் தரைக்கு அடியில் குழாய் வழியே ஓடவிட்டார்கள். புகை வந்த பாதையில் வெந்நீர் வந்தது. பின்னால் எரிவாயுக் கொதிகலன் வந்தபோதும் அந்தக் குழாய்த் தரை மாறவில்லை. இன்றைய அடுக்குமாடிகளிலும் அதுதான் இருக்கிறது.

1986இல் இந்தோனேசியாவிலிருந்து முதல் திரவ எரிவாயுக் கப்பல் வந்தது. 1988இல் நிலக்கரி உற்பத்தி உச்சம் தொட்டது. நான்கில் மூன்று வீடுகள் அப்போதும் யொந்தானையே நம்பியிருந்தன. ஒலிம்பிக் நடத்திய நகரத்துக்குக் கரும்புகை பெரிய தலைக்குனிவு. 1989இல் அரசு சுரங்கங்களை மூடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. ஜோங்சோன் மலையில் 2000இல் கொரியக் குடிமக்கள் நுழையக்கூடிய ஒரே சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. சுரங்கம் இழந்த ஊருக்குக் கொடுத்த ஈடு அது. நல்ல ஈடு என்று என்னால் சொல்ல முடியாது.

எரிந்து முடிந்த கட்டி வெளிறிய காவி நிறமாகும். எடை குறைந்தாலும் வடிவம் கலையாது. பனி உறைந்த சரிவுகளில் அதைத் தட்டி நொறுக்கித் தூவினால் கால் வழுக்காது. மிஞ்சியதெல்லாம் குப்பை. 1978 முதல் 1993 வரை சோல் நகரின் குப்பையைச் சுமந்த நாஞ்ஜிதோ மேட்டில் யொந்தான் சாம்பலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மேட்டின் மேல்தான் இன்று நாணல் அலையாடும் ஹானுல் பூங்கா இருக்கிறது.

ஆனாலும் யொந்தான் இன்னும் முடிந்துபோகவில்லை. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 74 ஆயிரம் வீடுகள் இதை எரித்தன. எரிவாயுக் குழாய் ஏறாத சரிவுகளில், தனியே வாழும் முதியவர்களின் வீடுகளே பெரும்பாலும் அவை. ஒரு வீட்டுக்குக் குளிர்காலத்தில் மாதம் 150 கட்டி தேவை. கொண்டுவந்து சேர்க்கும் கூலியோடு ஒன்று 900 வொன் என்றாலும் 1,35,000 வொன். மண்ணெண்ணெய்க் கொதிகலனுக்கு இதைவிட அதிகம் ஆகும். 2002இல் வொன்ஜு நகரில் ஹொ கி-பொக் என்ற பாதிரியார் தொடங்கிய ‘யொந்தான் வங்கி’ கட்டிகளை இலவசமாகக் கொடுக்கிறது. தன்னார்வலர்கள் சந்தில் வரிசையாக நின்று கைமாற்றி, வாசலில் அடுக்கிவிட்டுப் போகிறார்கள்.

புதைபடிவ எரிபொருளுக்கான மானியத்தை நிறுத்துவோம் என்று ஜி-20 மேடையில் அளித்த வாக்குறுதியைக் காட்டி, 2016இலிருந்து 2018க்குள் ஆலை விலையை 373.5 வொன்னிலிருந்து 639 வொன்னுக்கு அரசு ஏற்றியது. ஏழை வீடுகளுக்குக் கூப்பன் தருகிறது என்பது உண்மை. ஆனால் கூப்பன் தீரும் வேகத்தை வீட்டின் சுவர்தான் தீர்மானிக்கிறது. மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை. ஜன்னலில் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் சமாளிக்கிறார்கள். தரையில் ஏறும் வெப்பத்தில் பாதியை அந்தச் சுவர் தெருவுக்கு விட்டுவிட்டால், கரி விலையைக் கூட்டினாலும் குறைத்தாலும் வீட்டில் இருப்பவருக்கு மிஞ்சப்போவது குளிர்தான்.

1968 முதல் ஓடிய இமுன்தொங் ஆலை, சோல் நகரின் கடைசி யொந்தான் ஆலை, 2024இல் நின்றது. அரசுச் சுரங்கங்களில் ஹ்வாசுன் 2023இலும், ஜாங்சோங் 2024இலும், கடைசியாகத் தொகே 2025 ஜூனிலும் மூடப்பட்டன. நுரையீரலையும் காற்றையும் கெடுக்கும் இந்தக் கரி போக வேண்டியதுதான். ஆனால் மூடும் வரிசை தலைகீழாக நடக்கிறது. மிச்சமிருக்கும் வீடுகளின் சுவரையும் ஜன்னலையும் அரசு தன் செலவில் செப்பனிட்டு, மாற்றுக் கொதிகலனைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கடைசி ஆலைக்குப் பூட்டுப் போட வேண்டும்.